சோளகத்தில் சோதியுங்கள்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான கலப்பு மின் திட்டம் சீனாவின் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு மாறிய கதையை ஊரே அறியும். 2024 மார்ச் 1இல் ஒப்பந்தம் கைச்சாத்தானதிலிருந்து திறப்பு விழா எப்போது என்பதே பேச்சு. அதற்கு முந்திய சோதனையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட்-மணி மின்கலங்கள், காவலுக்கு 2,500 கிலோவாட் டீசல் மின்பிறப்பாக்கி. இவற்றைத் தொழிற்சாலையில் உப்புப் புகாருக்குள் வைத்தே சோதிக்க முடியும். என் பயமெல்லாம் மண்ணுக்குள் போகும் எர்த் கம்பியில்தான்.

நெடுந்தீவில் ஓரடி தோண்டினால் சுண்ணக்கல் தட்டும். கம்பி இறங்காது, இறங்கினாலும் காய்ந்த கல் மின்சாரத்தை லேசில் உள்வாங்காது. மாரியில் அளந்தால் ஈரத்தின் தயவில் தடை குறைவாகக் காட்டும், சோதனை தேறிவிடும். அதே கம்பியை ஆவணியில் அளந்து பாருங்கள். சோளகக் காற்று உப்பை அள்ளி வந்து காவலிகளில் அப்பியிருக்கும், கழுவ மழை இராது, நிலமும் வறண்டிருக்கும். அந்த நேரத்தில் எங்காவது மின்கசிவு ஏற்பட்டால், ட்ரிப் சுவிச்சை விழுத்தப் போதிய மின்சாரம் நிலத்துக்குள் போகாமல் இருக்கலாம். அப்போது இரும்புச் சட்டத்தில் மின்சாரம் அப்படியே நிற்கும். மாடும் மட்டக்குதிரையும் உரசிக்கொண்டு திரிகிற ஊர் இது. ஐப்பசி இடியும், நிலம் நனையுமுன்னே உயரமான காற்றாலையைத் தேடி வந்துவிடும்.

குழியில் உப்பும் கரியும் கொட்டித் தடையைக் குறைப்பது பழைய வழக்கம். இங்கே அது கூடாது. மெல்லிய படலமாகக் கிடக்கும் நன்னீர்தான் நெடுந்தீவின் கிணறுகளுக்கு உயிர். கொட்டிய உப்பு அதில்தான் போய்ச் சேரும். பெண்டோனைட் களிமண் போடலாம். செலவு கூடும், கூடட்டும்.

இந்தச் சோதனைக்காக இன்னொரு பருவம் காத்திருந்தால் டீசல் செலவு ஏறும் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு ஓடாத நாளில் எரிந்துபோன கருவிக்கு உதிரிப்பாகம் எப்படி வரும்?

நயினாதீவில் ஆனித் திருவிழாக் கூட்டத்தின் முழுச் சுமையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆவணிக் கடைசியில் எர்த் தடையை ஊர்ச் சங்கத்தார் முன்னிலையில் அளந்து, எத்தனை ஓம் என்று இறங்குதுறைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு அதன் பிறகு நாள் குறிக்கலாம்.