வேக்யூம் ஏன் முடியவே மாட்டேன் என்கிறது?

மளிகைக் கடைப் பற்று நோட்டில் தொகை மாறினால் அண்ணாச்சி பழைய வரியை அழிப்பதில்லை. குறுக்கே ஒரு கோடு, கீழே புது வரி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் அப்படித்தான்: ஒரு பதிவைத் திருத்தினால் பழையது டிஸ்கிலேயே செத்துக் கிடக்கும். அந்த இடத்தை மீட்டுத் தருவது வேக்யூம். 2008-இல் வந்த 8.3 பதிப்பிலிருந்து, யாரும் சொல்லாமலே அது பின்னணியில் ஓடுகிறது.

அது மணிக்கணக்கில் இழுத்தால் பலரும் முதலில் செய்வது, ஆள் கூட்டுவது. வழக்கமான 3 வொர்க்கர்களை 6 ஆக்குவார்கள். ஆனால் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ரேஷன்தான். பக்கத்தைப் படிப்பதற்கும் மாற்றுவதற்கும் புள்ளிகள் உண்டு. 200 சேர்ந்ததும் சற்றுத் தூங்க வேண்டும். ஆள் கூடினால் பங்கு குறையும், அவ்வளவே. அந்தத் தூக்கம் 11-ஆம் பதிப்பு வரை 20 மில்லிசெகண்ட். 12-இல் 2 ஆனது. பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி செய்த சர்வர் இன்னும் 20-லேயே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது நினைவகம். 10 கோடிப் பதிவுள்ள டேபிளில், மாற்றாமல் விட்ட அமைப்பின்படி, சுமார் 2 கோடி செத்த பிறகுதான் வேலை தொடங்கும். செத்த ஒவ்வொன்றின் முகவரியையும் வேக்யூம் நினைவகத்தில் குறித்துக்கொள்ளும்; 16-ஆம் பதிப்பு வரை ஒரு முகவரிக்கு 6 பைட். வழக்கமான 64 எம்பியில் 1.1 கோடிதான் அடங்கும். நிறைந்ததும் பாதியில் நிறுத்தி, எல்லா இன்டெக்ஸையும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பும். மீதிக்காக இன்னொரு முறை அதே புரட்டல். 'பிஜி ஸ்டாட் ப்ரோக்ரஸ் வேக்யூம்' காட்டும் இன்டெக்ஸ் சுற்று எண்ணிக்கை ஒன்றைத் தாண்டினால், அந்த 64 எம்பி மெயின்டனன்ஸ் மெமரியைக் கூட்டுங்கள். 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பு முகவரிகளைச் சுருக்கி வைப்பதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

வேக்யூம் சீக்கிரமே முடிகிறது, குப்பை மட்டும் அப்படியே இருக்கிறதா? காலையில் யாரோ 'பிகின்' அடித்து, ஒரு பதிவைத் திருத்திவிட்டு, முடிக்காமலே டீ குடிக்கப் போயிருப்பார்கள். அந்த டிரான்ஸாக்‌ஷனுக்குத் தேவைப்படலாம் என்பதால், அதன்பின் செத்த எதையும் வேக்யூம் தொடாது. அரை நாள் செட்டிங்குகளோடு மல்லுக்கட்டிய பிறகு, திறந்து கிடந்தது என் ஜன்னல்தான் என்று கண்டுபிடித்திருக்கிறேன். 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'யில் 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று பழைய நேரத்தோடு நிற்கும் வரியை இப்போதெல்லாம் முதலில் பார்த்துவிடுகிறேன்.

அதை மூடி, வேக்யூம் ஓடி முடிந்தாலும் ஃபைலின் அளவு பெரும்பாலும் குறையாது. காலியான இடம் புதுப் பதிவுகளுக்குப் போகும். குறைத்தே தீருவேன் என்று 'வேக்யூம் ஃபுல்' போட்டால், முடியும்வரை டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது.