டாக்டர் கனவு இருக்கா? ஒருமுறை கேஷுவாலிட்டியைப் பாருங்க!

மயிலம், கூட்டேரிப்பட்டு பக்கம் ஒரு விபத்து என்றால், 108-ல் ஏற்றிக்கொண்டு ஓடும் இடங்கள் மூன்று. திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர். இந்தப் பெயர்கள் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், 'டாக்டர் ஆவேன்' என்று நீட்டுக்குப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் அங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவை, நோயாளியின் சொந்தக்காரராக இல்லாமல் நின்று பார்த்திருப்பார்கள்?

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க நினைப்பவர்கள், விண்ணப்பிக்கும் முன்பே மருத்துவமனையில் தன்னார்வலராக வேலை செய்கிறார்கள். ஒரு டாக்டரின் பின்னாலேயே நடந்து, அவர் வேலையைக் கவனிக்கிறார்கள். இதற்கு 'ஷேடோயிங்' என்று பெயர். நம் ஊரில் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண்தான் எல்லாம். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம் எம்.பி.பி.எஸ் முதலாம் ஆண்டிலேயே நோயாளிகளைப் பார்க்க வைக்கிறது. படிப்பு முடிந்த பிறகான பயிற்சிக் காலத்தில் கேஷுவாலிட்டியில் இரண்டு வாரம் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால், இதெல்லாம் சீட் வாங்கிய பிறகு!

மருத்துவம் வேண்டாம் என்றிருந்த ஒரு பெண்ணை டாக்டராக்கிய ஊரே திண்டிவனம்தான். 1890-ல், உடல்நலமில்லாத அம்மாவுக்குத் துணையாக இங்கே வந்தார் ஐடா ஸ்கடர். அப்பா டாக்டர். மகளுக்கோ அமெரிக்கா திரும்பும் எண்ணம்தான். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. கார்னெலில் மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே திரும்பி வந்தார் ஐடா. வேலூர் சி.எம்.சி அவர் உருவாக்கியதுதான்.

இன்றைய கேஷுவாலிட்டியில் என்ன பார்க்கலாம்? முதலில் வரிசை. வந்த நேரப்படி அல்ல, ஆபத்தின் அளவுப்படி. உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, அடுத்து மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை. கை உடைந்து வலியில் துடிப்பவரைத் தாண்டி, சத்தமே போடாமல் கிடப்பவரிடம் டாக்டர் ஓடுவார். 'நாங்கதானே முதல்ல வந்தோம்' என்று சண்டை வருவதும் இங்கேதான்.

அங்கே தன்னார்வலருக்கு ஊசியிலோ கட்டிலோ வேலை இல்லை. சக்கர நாற்காலி தள்ளுவது, ஸ்கேன் எந்தப் பக்கம் என்று காட்டுவது, பதறி நிற்கும் அம்மாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது. கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால், 2021 டிசம்பரில் பக்கத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பணத்துக்கு யாரிடம் போவது என்று கலங்கும் குடும்பத்துக்கு இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அடிபட்டவரைத் தூக்கி வந்தவர் 'போலீஸ் கேஸ் ஆகிடுமோ' என்று நழுவப் பார்ப்பார். பெயர், போன் நம்பரைச் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. அதையும் சொல்லலாம்.

ஆர்வம் இருந்தால், முதலில் செஞ்சிலுவைச் சங்கம் அல்லது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸில் முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பள்ளி, கல்லூரியின் கடிதத்தோடு மருத்துவமனை நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். தெரிந்த டாக்டர் மூலமாகச் சும்மா உள்ளே நுழைவது வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதமும் தேவை. நோயாளி 'வேண்டாம்' என்றால், உடனே திரைக்கு வெளியே வந்துவிட வேண்டும். போன் பையிலேயே இருக்கட்டும். உள்ளே பார்த்த யாருடைய கதையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகக் கூடாது.

ரத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றினால் சமாளித்துக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் நர்ஸிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் விழுந்தால், அவருக்கு இன்னொரு பேஷன்ட்!