சிறுநீரக ரோகமும் இருதயமும்

சிறுநீரகம் பழுதுற்றவன் அந்தப் பழுதினாலேயே மாள்வான் என்பது ஜனங்களின் பொது அபிப்பிராயம். அது பிசகு. இவ்வியாதியஸ்தரில் டயாலிசிஸ் யந்திரம் வரையில் போய்ச் சேர்வோரைவிட, அதற்கு முன்னரே மாண்டுபோவோர் அதிகம். அம்மரணங்களுக்கு முதன்மையான காரணம் இருதய வியாதி. வடக்குக் கலிபோர்னியாவில் 11 லட்சத்துக்கு மேற்பட்ட வயதுவந்தோரின் வைத்தியக் குறிப்புக்களை ஆராய்ந்து 2004-ஆம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கை, சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி குறையக் குறைய இருதய விபத்துக்களும் மரணமும் படிப்படியாக ஏறுவதைக் காட்டிற்று.

இது புதிய செய்தியன்று. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் என்னும் வைத்தியர் இருந்தார். நோயாளியின் சிறுநீரைக் கரண்டியிலெடுத்து மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சி, முட்டை வெண்கருவைப்போல் திரைகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அவ்வாறு திரையக் கண்ட நோயாளிகள் இறந்தபின் அறுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் கெட்டிருந்ததோடு, பலருக்கு இருதயத்தின் இடது அறை தடித்துப் பருத்திருந்ததை 1836-இல் எழுதிவைத்தார். காரணம் இன்று விளங்குகிறது. வெளியேற வேண்டிய உப்பும் நீரும் தங்குகின்றன. ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. அதை எதிர்த்து இறைத்து இறைத்து இருதயம் தடிக்கிறது. போதாக்குறைக்கு ரத்தசோகையும், பாஸ்பரஸ் தேங்கி ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிவதும் சேர்ந்துகொள்கின்றன.

இவ்வளவு தெரிந்திருந்தும் வைத்திய உலகம் செய்த காரியம் என்ன? மாரடைப்புக்கும் இருதயத் தளர்ச்சிக்கும் மருந்து சோதித்த பெரிய பரீட்சைகளை 2006-இல் கணக்கெடுத்தபோது, பாதிக்கு மேற்பட்டவை சிறுநீரக நோயாளிகளை வாசலிலேயே தடுத்திருந்தன. இவர்களைச் சேர்த்தால் முடிவு குழம்பும் என்பது சமாதானம். நியாயஸ்தலத்தில் பழகிய நமக்கு இதன் பெயர் தெரியும்: எக்ஸ்பார்ட்டி டிக்ரி. கட்சிக்காரனை விசாரியாமலே தீர்ப்பெழுதி, அவன்மீதே அதை நிறைவேற்றினார்கள்.

விசாரித்தபோது தீர்ப்பு மாறிற்று. கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மற்றையோரின் இருதயத்தைக் காப்பது பிரசித்தம். ஜெர்மனியில் டயாலிசிஸ் செய்துகொண்டுவந்த 1,255 சர்க்கரை வியாதியஸ்தரிடம் அதைச் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டனர். கொழுப்பு நன்றாகவே குறைந்தது. இருதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் மொத்தமோ சொல்லத்தக்க அளவு குறையவில்லை.

நேர்மாறான உதாரணமும் உண்டு. ஆப்பிள் மரப்பட்டையில் 19-ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்த ஃப்ளோரிசின் என்னும் கசப்புச் சரக்கின் வழிவந்தது டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவதற்கென ஏற்பட்ட மருந்து. இந்தியா உள்ளிட்ட 21 தேசங்களில் 4,304 சிறுநீரக நோயாளிகளுக்கு, சர்க்கரை வியாதி இல்லாதோரையும் சேர்த்து, இதைச் சோதித்தார்கள். பலன் தெளிவாயிருந்தபடியால் 2020-இல் பரீட்சையை முன்னதாகவே நிறுத்தினார்கள். வெற்று மாத்திரை உண்டோரில் 100-க்கு 6.8 பேர் இறந்திருக்க, மருந்துண்டோரில் 4.7 பேரே இறந்திருந்தனர். சிறுநீரகமும் தப்பியது, இருதயம் தளர்ந்து ஆஸ்பத்திரி சேர்வதும் குறைந்தது. பின்னர் இரண்டாவது பேட்டண்டைக் காட்டி, இந்தியக் கம்பெனிகள் இதைச் செய்யாதபடி தடையுத்தரவு கேட்டவர்களுக்கு டில்லி ஹைகோர்ட்டு இடங்கொடாதது நல்ல காலமே.

ஆனால், அந்தப் பரீட்சையிலும் டயாலிசிஸ் யந்திரத்துக்கு வந்துவிட்டவர்களைச் சேர்க்கவில்லை. 2016-இல் ஆரம்பித்த தேசீய டயாலிசிஸ் திட்டத்தின்படி ஜில்லா ஆஸ்பத்திரிகளில் படுத்திருப்போர் இவர்களே. இருதய வியாதிக்கு மிகவும் இரையாகும் கூட்டமும் இவர்களே. சர்க்கார் பணத்தில் நடக்கும் இருதயப் பரீட்சையிலிருந்து இவர்களை நீக்குகிறவர், நீக்குவதற்குரிய காரணத்தை எழுத்துமூலமாய்க் காட்டவேண்டும் என்று ஒரு விதி செய்வது கஷ்டமான காரியமல்ல.