கழுத்தில் ஒளிந்திருக்கும் விரிசல்

தம்பலகாமக் குடாவில் சுழியோடுவது நேற்று வந்த தொழில் அல்ல. கண்ணாடித் தகடுபோல மெல்லிய தட்டைச் சிப்பிகளுக்குள் கிடக்கும் பொடிமுத்துக்காக மூழ்கியவர்கள் வெள்ளைக்காரர் காலத்திலேயே இங்கு இருந்தார்கள். அந்த முத்துக்குளிப்பைப் பற்றி ஜேம்ஸ் ஹோர்னெல் 1906இல் தனி அறிக்கையே எழுதியிருக்கிறார். அவர்களுக்கு நெஞ்சில் அடக்கிய மூச்சுதான் முதல். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1956இல், ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் மலையடிக் கடலில் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் சிதைவுகளைக் கண்டபோது, மூச்சு முதுகில் சிலிண்டராக ஏறியிருந்தது.

இன்று நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் சுழியோட வருபவர்கள் அந்தச் சிலிண்டரை நம்பித்தான் இறங்குகிறார்கள். கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் நம் பையன்களும் அப்படித்தான். ஆகவே கைமாறிக் கைமாறி வந்த ஒரு பழைய சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுபோகிறவரிடம், "அண்ணை, இது பழசு, காத்து அடிக்கேலாது" என்று கடைக்காரர் சொன்னால், அது சின்ன விஷயம் அல்ல. அன்றைய உழைப்பு போகிறது. கடைக்காரர் சொல்வது சரிதானா?

முதலில் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பரவலாகப் புழங்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லீற்றர். 200 பார் அழுத்தத்தில் அதற்குள் சுமார் 2,200 லீற்றர் காற்று அடைபட்டிருக்கும். காற்றின் எடை மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல். அந்தக் காற்று ஒரே நொடியில் விரிந்தால் வெளிப்படும் ஆற்றல், ஒரு தொன் எடையுள்ள காரை 40 மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதும். சிலிண்டர்கள் பெரும்பாலும் வெடிப்பது கடலுக்குள் அல்ல, காற்று நிரப்பும்போது. சொந்தக்காரர் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். கம்பிரசர் பக்கத்தில் நிற்பவர் கூலிக்கு வேலை செய்யும் இளைஞர். மறுக்கும் உரிமையைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைப்பது அவரைத்தான்.

ஆனால் வயது ஒன்றே குற்றம் அல்ல. பழைய அலுமினியச் சிலிண்டர்களில் பயப்பட வேண்டியது 6351 என்ற கலப்புலோகத்தில் செய்தவற்றுக்கு. அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1988 வரை அதைப் பயன்படுத்தியது. பிறகு 6061 என்ற கலப்புக்கு மாறியது. கற்றலீனா நிறுவனமோ தொடக்கத்திலிருந்தே 6061தான். ஆக, ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு சிலிண்டர்களில் ஒன்று சந்தேகத்துக்குரியது, மற்றது அப்படியல்ல.

6351இன் நோய் மெதுவானது. இடைவிடாத அழுத்தம், ஆண்டுக்கணக்கில், உலோகத்தின் மணிகளுக்கு இடையே உள்ள எல்லைகளைப் பிரித்துக்கொண்டே போகும். உலோகத்தில் கலந்துவிட்ட சிறிதளவு ஈயம் அதை இன்னும் விரைவாக்கும். விரிசல் தொடங்கும் இடம் கழுத்து. வால்வு திருகும் புரிகளுக்குள். வால்வைக் கழற்றாமல் யார் கண்ணுக்கும் அது தெரியாது. பெரும்பாலான விரிசல்கள் முதலில் கசியும், சோதனையில் பிடிபடும். பிடிபடாமல் போனவைதான் ஆட்களின் விரல்களையும் உயிரையும் எடுத்தன.

தம்பலகாமத்து வயல்களுக்கு நீர் தரும் கந்தளாய்க் குளத்துக்கு ஆயிரத்து முந்நூறு வயதுக்கு மேல். எந்த வட்டவிதானையும் வயதைச் சொல்லி அந்தக் குளத்தில் தண்ணீர் தேக்காதே என்று சொன்னதில்லை. குளக்கட்டில் எங்கே ஈரம் கசிகிறது என்றுதான் பார்ப்பார்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலை அந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்காத ஊர்களுக்கு, அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் ஒரு சுவர் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

சிலிண்டருக்கு அந்தக் கட்டுப் பார்வை இரண்டு மூன்று விதம். தண்ணீர்ச் சோதனையில் சிலிண்டரை நீர்த்தொட்டிக்குள் வைத்து, அதற்குள்ளும் நீரையே செலுத்தி, வேலை அழுத்தத்தின் ஐந்தில் மூன்று பங்கல்ல, மூன்றில் ஐந்து பங்கு அழுத்தம் கொடுப்பார்கள்: 207 பார் சிலிண்டருக்கு 345 பார். நீர் அவ்வளவாகச் சுருங்காது. ஆகவே சிலிண்டர் பிளந்தாலும் காற்றைப்போலச் சீறாது. அழுத்தத்தை எடுத்த பின்பும் வீக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மீளாமல் நின்றுவிட்டால் சிலிண்டர் தோல்வி. அமெரிக்காவில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இது கட்டாயம்.

சிக்கல் என்னவென்றால், கழுத்து விரிசல் உள்ள சிலிண்டரும் இந்தச் சோதனையில் தேறிவிடலாம். ஆகவேதான் 2007 ஜனவரி முதல், 6351 சிலிண்டர்களுக்குச் சுழல் மின்னோட்டச் சோதனையையும் அமெரிக்கா கட்டாயமாக்கியது. கழுத்துப் புரிகளுக்குள் ஒரு கருவியைத் திருகி இறக்குவார்கள். உலோகத்தில் சுழலும் மின்னோட்டம் விரிசலைச் சந்தித்தால் தடுமாறும், கருவி காட்டிக்கொடுக்கும்.

இரும்புச் சிலிண்டரின் கதை வேறு. உப்புநீர் புகுந்தால் உள்ளே துரு பிடிக்கும். துரு சுவரை மட்டும் தின்பதில்லை, அடைபட்ட காற்றிலுள்ள ஒட்சிசனையும் தின்னும். மாதக்கணக்கில் நிரப்பியபடி மூலையில் கிடந்த துருச் சிலிண்டரோடு இறங்குபவர் போதிய ஒட்சிசன் இல்லாத காற்றைச் சுவாசிக்க நேரலாம்.

ஆகவே, "பழசு" என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பும் கடைக்காரரோடு எனக்கு உடன்பாடில்லை. தோளில் அடித்திருக்கும் எழுத்துகளைத் துடைத்துப் படிக்க வேண்டும்: யார் செய்தது, முதற்சோதனை எந்த மாதம் எந்த ஆண்டு, கடைசிச் சோதனை எப்போது. தேதி தவறாத 6061 சிலிண்டர் முப்பது வயதானாலும் நிரப்பத் தகுந்ததே. 6351 என்றால், அல்லது எதுவும் படிக்க முடியாமல் தேய்ந்திருந்தால், கழுத்துச் சோதனைச் சான்று இல்லாமல் குழாயை மாட்டவே கூடாது. எவ்வளவு பழகிய வாடிக்கையாளர் கேட்டாலும் கூடாது.

மறுப்பதோடு வேலை முடிந்துவிடாது. ஒரு கடை மறுத்த சிலிண்டர் வாடியில் மலிவு விலைக்குப் போகும். ஒன்றும் கேட்காமல் காற்றடித்துத் தருபவர் ஒருவர் எங்காவது இருப்பார். அதை முதுகில் கட்டுபவர் புதுச் சிலிண்டர் வாங்க வழியில்லாதவர். தோல்வியென்று தெரிந்த சிலிண்டரைச் சொந்தக்காரரின் சம்மதத்தோடு, காற்றை முழுதும் இறக்கி, வால்வைக் கழற்றி, நடுவால் அறுத்துவிட வேண்டும். அறுத்த மேற்பாதியைக் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல ஒலிக்கும்.