பொருந்தாத வெள்ளை

பொழுது விடியுமுன்பே சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் கொழுக்குமலைக்குக் கிளம்பிவிடுகின்றன. சூரிய உதயம் பார்க்க வந்தவர்களைச் சுமந்துகொண்டு, கல்லும் பள்ளமுமான பாதையில் குலுங்கியபடி ஏறுகின்றன. திரும்பி வந்து வரிசையாக நிற்கும்போது சற்று உற்றுப் பாருங்கள். ஒன்றில் முன் மட்கார்டு மட்டும் பளிச்சென்று தனித்துத் தெரியும். இன்னொன்றின் கதவும் வெள்ளைதான், ஆனால் உடம்போடு ஒட்டாத வெள்ளை.

சின்னக்கானல் வட்டாரத்தில் வண்டி அடிபடக் காரணங்களுக்குக் குறைவில்லை. எதிரே வருவது தெரியாத மூடுபனி, குறுகிய திருப்பங்கள், மலைப்பாதை பழகாத சுற்றுலா டிரைவர்கள். போதாததற்கு யானைகள். அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டு இங்கிருந்து கொண்டுபோனார்கள். மற்ற யானைகள் சாலைக்கு வருவதை நிறுத்திவிடவில்லை.

நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்த முடியாவிட்டால் புதிது மாட்ட வேண்டியதுதான். பெரும்பாலும் அது கறுப்பு அல்லது சாம்பல் நிற ப்ரைமரோடு வருகிறது. வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

வண்டியிலேயே பெயிண்ட் எண் பொறித்த தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அந்த எண்ணைக் கடையில் சொன்னால் எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று பட்டியல் பார்த்து, தராசில் நிறுத்துக் கலந்து தருவார்கள். எண் ஒன்று என்றால் நிறமும் ஒன்று என்று சொந்தக்காரர் நினைக்கிறார். அந்த எண் சொல்வது, வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிறத்தை. அதிலும் ஒரே எண்ணுக்குள் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, ஆண்டுக்கு ஆண்டு சிறு வித்தியாசம் உண்டு. பிறகு வெயில். ஆயிரம் மீட்டர் உயரம் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும் என்பார்கள். மலையில் ஐந்து வருடம் ஓடிய சிவப்பு, கடை டப்பாவில் இருக்கும் சிவப்பாக இருக்க முடியாது. ஒரே காரிலேயே பானெட் வெளுத்த அளவு கதவு வெளுத்திருக்காது. வெள்ளை சுலபம் என்பதும் தப்புக் கணக்கு. துளி மஞ்சள் கூடினால் பழுப்பாகும், துளி கறுப்பு கூடினால் அழுக்காகும்.

எனவே நல்ல பெயிண்டர் நேரே வண்டியில் அடிப்பதில்லை. முதலில் பழைய பெயிண்டை ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து அழுக்கை நீக்கி அசல் நிறத்தைப் பார்ப்பார். பிறகு ஒரு சிறு தகட்டில், வண்டிக்கு அடிப்பது போலவே அத்தனை கோட்டும் அடித்து, மேலே கிளியரும் அடித்து, காயவைத்து வண்டியருகே பிடித்துப் பார்ப்பார். ஈரத்தில் ஒத்த நிறம் காய்ந்தபின் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. நேராகப் பார்த்தால் போதாது, பக்கவாட்டிலும் சாய்த்தும் பார்க்க வேண்டும். டியூப் லைட்டிலும் பார்க்க வேண்டும், வெளியே வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். வேறு வேறு சாயங்களைக் கலந்து உண்டாக்கிய இரண்டு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் மற்றொன்றில் வேறாகவும் தெரிவதுண்டு. போடி ஷெட்டின் விளக்கடியில் கச்சிதமாக இருந்த கதவு, மேட்டில் ஏறி மூட்டத்துக்குள் நுழைந்ததும் பல்லிளிப்பது இதனால்தான்.

மெட்டாலிக் நிறம் என்றால் கை வண்ணமும் சேர்ந்துகொள்கிறது. அதில் மிதக்கும் அலுமினியத் துகள்கள் எப்படிப் படிகின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறும். ஈரமாக, கனமாக அடித்தால் கருக்கும். கன்னைத் தள்ளிப் பிடித்து உலர்வாக அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பா, இரண்டு பெயிண்டர், இரண்டு வெள்ளி!

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து பெயிண்ட் வெண்மை பூத்துவிடும். பழைய லாக்கர் வகை பெயிண்டுகளில் இது அதிகம். அவற்றின் மூதாதையான டூகோ, 1923-ல் ஓக்லண்ட் கார் மீது ஏறியது. வாரக்கணக்கில் காய்ந்த வேலையை மணிக்கணக்கில் முடித்துக் காட்டியது. நம் ஒர்க்ஷாப்புகளில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. மெதுவாக உலரும் தின்னர், சூடேற்றிய பூத் இரண்டும் இதற்கு மருந்து. பூத் இல்லாத மலையோர ஷெட்டில் பனி விலகும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கச் சம்மதிக்கும் வாடிக்கையாளர் எத்தனை பேர்?

இத்தனை செய்தும் நூற்றுக்கு நூறு ஒத்துவராது. தொழில் தெரிந்தவர்கள் அதை ஒளிப்பதுமில்லை. வித்தியாசத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் பரப்பிவிடுவதுதான் வழி. மாற்றியது மட்கார்டு என்றால், பக்கத்துக் கதவிலும் பாதி தூரம் நிறத்தை மெல்ல மெல்லத் தேயவிட்டு அடித்து, கிளியரைக் கதவு முழுவதற்கும் அடிப்பார்கள். சண்டை மூளும் இடமும் இதுவே. அடிபடாத கதவுக்கு எதற்கு பெயிண்ட், பில்லை ஏற்றவா என்று கேட்பார் சொந்தக்காரர். கேட்பதில் நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த ஒரு கதவை மிச்சம் பிடித்தவரின் வண்டிதான் பிறகு இரு நிறமாகத் திரிகிறது.

இன்ஷூரன்ஸ் உண்டே என்றால் அதிலும் கணக்கிருக்கிறது. வழக்கமான பாலிசியில் பெயிண்டிங்குக்கான பொருள் செலவில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். கூலியும் பொருளும் பிரிக்காத பில் என்றால் மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருளாக எடுத்துக்கொள்வார்கள். 8,000 ரூபாய் பில்லில் பொருள் 2,000, கழிவு 1,000. பக்கத்துக் கதவின் வேலையை சர்வேயரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது உத்தமம்.

பெயிண்டரின் நுரையீரலைப் பற்றி யாரும் பில்லில் எழுதுவதில்லை. இன்றைய இரட்டைக் கலவை பெயிண்டுகளின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவை வரவழைக்கும் சரக்கு. மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது.

ஜீப்காரர்கள் பலர் இந்த நிறப் பஞ்சாயத்துக்கே வருவதில்லை. அடுத்த சீசனில் மறுபடி உரசத்தானே போகிறது! விற்கும்போதுதான் உறைக்கிறது. வாங்க வரும் தரகர் எஞ்சினைக் கேட்பதற்கு முன் வண்டியின் பின் மூலையில் நின்று, ஒரு கண்ணை மூடி, பக்கவாட்டில் நீளமாக ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கதவின் ரப்பர் பீடிங்கை நகத்தால் விலக்கி, அடியில் பெயிண்ட் தூசி படிந்திருக்கிறதா என்று தேடுவார். விலை அதன் பிறகுதான் அவர் வாயிலிருந்து வரும்.