வானினின்று இறங்கி வந்த வீரர்

1944-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து இரவு. ஜெர்மானியரின் பிடியிலிருந்த பிரான்சு நாட்டில், லிமோழ் நகரின் விமான எஞ்சின் தொழிற்சாலையில் இரவு வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே பிரெஞ்சுப் பெண்கள் பலர் இருந்தனர். அத்தொழிற்சாலையைத் தகர்க்க வந்த பிரிட்டிஷ் விமானப் படையணியின் தலைவர் உடனே தாக்கவில்லை. கூரைகளை உராய்வதுபோல் மூன்று முறை தாழப் பறந்து, உள்ளிருந்தோர் தப்பியோட அவகாசம் கொடுத்தார். அதன் பின்னரே இலக்கைக் காட்டும் தீச்சுடர்களை வீசினார். தொழிற்சாலை அழிந்தது.

அப்படித் தாழப் பறக்கும் விமானி தன் உயிரைப் பணயம் வைக்கிறான். பகைவரின் பணியாளருக்காக அந்த ஆபத்தை ஏற்றவர் லெனார்ட் செஷயர். அப்போது அவருக்கு வயது 26.

ஒரே வீட்டின் இரு விமானிகள்

1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர் செஷயர். தந்தை ஆக்ஸ்போர்டில் புகழ்பெற்ற சட்டப் பேராசிரியர். மகனும் அங்கேயே சட்டம் பயின்றார். ஆயினும் வேகமான மோட்டார் வண்டிகளும் ஆடம்பர வாழ்வுமே அன்று அவர் மனத்தை ஈர்த்தன. பல்கலைக்கழக விமானப் பயிற்சி அணியில் பறக்கக் கற்றுக்கொண்டவரைப் போர் அழைத்துக்கொண்டது.

1940 நவம்பரில் ஜெர்மனியின் மேல் பறக்கையில், அவருடைய விமானத்தில் பீரங்கிக் குண்டு பாய்ந்து உள்ளே தீப்பற்றியது. பக்கத்தில் பெருந்துளை விழுந்த அவ்விமானத்தை, தீக்காயமுற்ற தோழருடன் அவர் தாயகம் கொண்டு சேர்த்தார். அவருடைய தம்பி கிறிஸ்டோபரும் குண்டுவீச்சு விமானியே. 1941-இல் தம்பியின் விமானம் வீழ்த்தப்பட, அவர் ஜெர்மனியில் போர்க்கைதியானார். பிள்ளைகளில் ஒருவர் சிறையிலும் மற்றவர் ஒவ்வோர் இரவும் சாவின் வாயிலிலும் இருக்க, அந்தப் பெற்றோர் போர்க்காலத்தை எவ்வாறு கழித்திருப்பர் என்பதைப் பிள்ளை பெற்றோர் அறிவர்.

1943-இல் இளம் வயதிலேயே குரூப் கேப்டன் பதவி செஷயரைத் தேடி வந்தது. எனினும் அலுவலக நாற்காலியை அவர் விரும்பவில்லை. பதவியில் ஒரு படி இறங்கி, 617-ஆம் அணியின் தலைவராக மீண்டும் வானேறினார். நூறு தாக்குதல்களை முடித்த அவருக்கு 1944-இல் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. பெரும்பாலும் ஒரே ஒரு வீரச்செயலுக்கென அளிக்கப்படும் அவ்விருது, அவருக்கு நான்காண்டுக் காலம் தளராத துணிவுக்காகக் கிடைத்தது.

நாகசாக்கியின் மேகம்

1945 ஆகஸ்ட் 9. நாகசாக்கி நகரின்மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, பிரிட்டனின் பார்வையாளராக வேறொரு விமானத்தில் இருந்து அந்தப் பெருமேகத்தைத் தொலைவிலிருந்து கண்டார் செஷயர். கத்தோலிக்கர் மிகுதியாக வாழ்ந்த உராக்கமிப் பகுதியும் அங்கிருந்த பேராலயமும் அன்று அழிந்தன.

அன்றைய குற்ற உணர்வே அவரைத் தொண்டுக்குத் தள்ளியது என்று பலர் எழுதினர். அவர் அதனை ஏற்கவில்லை. போரை விரைந்து முடித்து மேலும் பல உயிர்கள் மாளாமல் அது தடுத்தது என்றே அவர் இறுதிவரை கருதினார். இக்கருத்தை ஏற்காதோர் திருச்சபையில் பலருண்டு. ஆனால் போரில் மாண்டோருக்கு உயிர்பிழைத்தோர் கடன்பட்டிருக்கின்றனர். மெய்யான சமாதானத்தை உழைத்தே உருவாக்க வேண்டும் என்று அவர் கொண்ட உறுதியை எவரும் மறுக்க இயலாது.

நோயாளியின் படுக்கையருகே

1946-இல் படையினின்று ஓய்வு பெற்றார். முன்னாள் வீரர்கள் கூடி வாழ அவர் தொடங்கிய குடியிருப்பு கடனில் முடிந்தது. ஹாம்ப்ஷயரில் லே கோர்ட் என்னும் பெரிய வீடு மட்டும் எஞ்சியது. 1948-இல் ஆர்தர் என்ற முன்னாள் படைவீரருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. மருத்துவமனையில் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை. ஏற்றுக்கொள்ள வேறு இடமும் இல்லை. செஷயர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். நூறு முறை வானேறிய வீரர், உடல் துடைக்கவும் படுக்கை மாற்றவும் கற்றுக்கொண்டார்.

விசுவாச வாழ்வை விட்டு விலகியிருந்த கத்தோலிக்கரான ஆர்தர், அப்படுக்கையில் மீண்டும் இறைவனிடம் திரும்பினார். அந்த ஆகஸ்டில் அமைதியாக உயிர்நீத்தார். கவனித்துக்கொண்டிருந்தவரின் உள்ளத்திலும் ஒளி படர்ந்தது. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தைய நாள் செஷயர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். யார் யாருக்கு ஊழியம் செய்தார் என்று சொல்வது கடினம்!

ஆர்தரைத் தொடர்ந்து வேறு நோயாளரும் வந்தனர். அதுவே செஷயர் இல்லங்களின் தொடக்கம். பின்னர் காசநோய் அவரையே இரண்டாண்டுகளுக்கு மேல் படுக்கையில் கிடத்தியது. அங்கிருந்தபடியே கடிதங்கள் எழுதிப் பணியை வளர்த்தார். 1950-களின் நடுவில் பம்பாயின் அந்தேரியில், வெளிநாட்டு இல்லங்களுள் முதலாவது தோன்றியது. பிற்பாடு தமிழ்நாட்டிலும் அவ்வில்லங்கள் எழுந்தன.

பிறருக்குத் திறந்த குடும்பம்

போர்க்காலத்தில் செய்துகொண்ட அவரது முதல் திருமணம் நிலைக்கவில்லை. 1959 ஏப்ரலில் பம்பாய்ப் பேராலயத்தில் சூ ரைடர் அம்மையாரை அவர் மணந்தார். போரில் சிதைந்த மக்களுக்காகத் தாமே இல்லங்கள் நிறுவியவர் அவ்வம்மையார். அதே ஆண்டில் டேராடூனில் தொழுநோயாளருக்கும் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் ரஃபேல் இல்லத்தை இருவரும் தொடங்கினர்.

ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். சஃபோக் மாவட்டத்துக் கேவன்டிஷ் ஊரில், அம்மையாரின் இல்லத்துக்குள்ளேயே சில சிறிய அறைகளில் அக்குடும்பம் வாழ்ந்தது. நோயாளரே அண்டை வீட்டார். தாயும் தந்தையும் ஆளுக்கொரு நாட்டில் பணிக்காகச் சுற்றிய நாள்கள் பல. அப்பிள்ளைகள் இழந்ததும் உண்டு, பெற்றதும் உண்டு. தொண்டு செய்வோரின் வீட்டில் அதன் விலையைக் குடும்பமே செலுத்துகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

முதுமையில் நரம்புகளை முடக்கும் கொடுநோய் அவரைப் பற்றியது. யாரை வாழ்நாளெல்லாம் தாங்கினாரோ, அவர்களைப் போலவே அவரும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தார். 1992 ஜூலை 31-இல், 74-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். எட்டாண்டுகளுக்குப் பின் அம்மையாரும் மறைந்தார்.

அன்பு வாசகர்களே, நாம் இல்லம் நிறுவ வேண்டியதில்லை. நம் தெருவிலேயே மருத்துவமனை கைவிட்ட ஓர் ஆர்தர் இருக்கக்கூடும். நம் வீட்டின் பின்னறையிலேயே கூட இருக்கக்கூடும். இன்று மாலை செபமாலை முடிந்தபின், அவரருகே சற்று நேரம் அமர்ந்துவிட்டு வருவோமா?