சர்க்கரையோடு இன்னொரு நோயும் இருந்தால்...

 

டயாலிசிஸ் செலவுக்கு உதவி கேட்டு எங்களிடம் வரும் குடும்பங்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "வாப்பாவுக்கு சுகர் கன்ட்ரோலில்தானே இருந்தது!" சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம், கூடவே இருந்த மற்ற நோய்களைச் சேர்த்துப் பார்க்கவில்லை என்பதுதான் இதன் பொருள்.

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு இன்னொரு டாக்டர், முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் எல்லா மாத்திரையும் போய்ச் சேர்வது ஒரே உடம்பில்தான்.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் பாதிப்பு வேகமாகும். தொடக்கத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு சரியாக இருக்கும்போதே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். ஆகவே சர்க்கரை நோயாளிகள் வருடம் ஒரு முறையாவது இந்த இரண்டு பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். அப்போதே கண்டுபிடித்தால் டயாலிசிஸ் நிலைக்குப் போகாமல் தடுக்கவோ, பல ஆண்டுகள் தள்ளிப்போடவோ பெரும்பாலும் முடியும்.

குறிப்பாக மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

ஒன்று, வலி மாத்திரை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், பிரஷரையும் ஏற்றும். பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாக்டரைக் கேட்காமல் இவற்றை வாங்கித் தின்னக் கூடாது. மூச்சிரைப்புக்கும் மூட்டு வலிக்கும் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையைக் கடுமையாக ஏற்றிவிடும்.

இரண்டு, சர்க்கரை தானாகக் குறைவது. இன்சுலினையும் சில சர்க்கரை மாத்திரைகளையும் உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது பழுதானால் மருந்து உடம்பிலேயே கூடுதல் நேரம் தங்கும், சர்க்கரை இறங்கும். "நோய் குணமாகிறது" என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். உணவும் உழைப்பும் மாறாமல் சர்க்கரை அடிக்கடி இறங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று, மறைந்துபோகும் அறிகுறி. இதயத்துக்கும் பிரஷருக்கும் தரப்படும் அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் தெரியும். திடீரென்று வியர்த்தால் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

ரமளான் நோன்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான் (அல்குர்ஆன் 2:184, 185). சர்க்கரையோடு சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ உள்ளவர்கள் ரஜப் மாதத்திலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். நோன்பு வைக்கலாமா, எந்த மாத்திரையை சஹருக்கு, எதை இஃப்தாருக்கு மாற்றுவது, அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நோன்பு வைத்திருப்பவருக்கு 70-க்குக் கீழே இறங்கினாலோ, 300-க்கு மேல் ஏறினாலோ, மஃரிபுக்குக் கொஞ்ச நேரம்தானே என்று காத்திருக்காமல் நோன்பைத் திறந்துவிட வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பலரின் கருத்து. களா, ஃபித்யா பற்றிப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவில் உப்பைக் குறைப்பது எல்லோருக்கும் பொருந்தும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளத்திலுள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரும் பேரீச்சம்பழமும் எவ்வளவு எடுக்கலாம் என்று டாக்டரைக் கேட்க வேண்டும். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

மாதாமாதம் மாத்திரை வாங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பணம் இல்லை என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வாப்பா, உம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பாயில் கொட்டி, ஒவ்வொன்றின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். நாட்டு மருந்து, சூரணம், லேகியம் சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சேர்த்து எழுதுங்கள். கடைசியாகப் பார்த்த சர்க்கரை, பிரஷர், கிரியாட்டினின் அளவுகளைக் கீழே குறியுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள். அரை மணி நேர வேலைதான். இன்ஷா அல்லாஹ், அது ஒரு சிறுநீரகத்தையே காப்பாற்றலாம்.